39 டாலர் 60 சென்ட்

முதலில் ஒரு பில்லைப் பார்த்துவிடுவோம்.

கைச்செலவு 8 டாலர் 60 சென்ட். மேல்கோட்டு 15 டாலர். சூட்கேஸ் 7.50. தொப்பி 4. சட்டை மூன்று, 4.50. கூட்டிப் பாருங்கள். 39 டாலர் 60 சென்ட் வருகிறதா? வரும். நான் இரண்டு தடவை கூட்டிவிட்டேன். பி.காம். படித்தவனுக்கு இது ஒரு வியாதி. ஓட்டலில் பில் வந்தால் முதலில் கூட்டல் சரியா என்று பார்ப்பேன். அப்புறம்தான் சர்வர் முகத்தைப் பார்ப்பேன்.

இது மளிகைக் கடை பில் இல்லை. லாண்டரி கணக்கும் இல்லை. ஒரு இளைஞன் தான் காதலிக்கும் பெண்ணின் அப்பாவிடம் கொண்டுபோய் நீட்டுகிற பில். அதுவும் எப்போது? அந்தப் பெண்ணுக்கு வேறொருவனோடு கல்யாணம் நடக்கப்போகிற அன்று. வெளியே பந்தல், பூ, விருந்தாளிகள். உள்ளே இவன், 'சார், உங்க பொண்ணால எனக்கு இவ்வளவு செலவு. எடுங்க பணத்தை' என்று நிற்கிறான். அப்பா கோடீஸ்வரர். பெண்ணைக் கண்டுபிடித்துத் தருபவருக்கு 10,000 டாலர் என்று ஊரெல்லாம் அறிவித்தவர். 'பத்தாயிரம் வேண்டாமா?' என்கிறார். 'வேண்டாம். 39 டாலர் 60 சென்ட் போதும். இது கொள்கை விஷயம்' என்கிறான் இவன்.

படம், 'இட் ஹாப்பண்ட் ஒன் நைட்'. 1934-ல் வந்தது. ரொமான்டிக் காமெடி என்று இன்றைக்கு எதையெல்லாம் சொல்கிறோமோ, அதற்கெல்லாம் கொள்ளுப்பாட்டி. இந்தப் பில்தான் அதன் உச்சகட்டக் காதல் காட்சி என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதை, சுருக்கமாக. எல்லி, வால் ஸ்ட்ரீட் பணக்காரர் ஆண்ட்ரூஸின் ஒரே மகள். கிங் வெஸ்ட்லி என்ற விமானம் ஓட்டும் மைனரை அப்பாவுக்குத் தெரியாமல் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொள்கிறாள். அப்பா விடுவாரா? பெண்ணைத் தன் சொகுசுப் படகில் அடைத்து வைக்கிறார். அவள் மயாமி கடலில் குதித்து, நீந்திக் கரையேறி, நியூயார்க்கிலிருக்கும் புருஷனிடம் போக ராத்திரி பஸ் ஏறுகிறாள். அதே பஸ்ஸில் பீட்டர் வார்ன். பத்திரிகை நிருபர். அப்போதுதான் வேலை போயிருக்கிறது. எடிட்டர் டெலிபோனை வைத்த பிறகும், சுற்றி நிற்கிற நண்பர்கள் கேட்கவேண்டும் என்பதற்காக வெறும் ரிசீவரில் எடிட்டரை வாங்கு வாங்கென்று வாங்குகிற ஆசாமி. (எல்லா பத்திரிகை ஆபீஸிலும் இப்படி ஒருத்தர் உண்டு. பேர் வேண்டாம்.)

பீட்டருக்கு எல்லி யாரென்று தெரிந்துவிடுகிறது. 'உன்னை நியூயார்க்கில் சேர்க்கிறேன், உன் கதையை எனக்குக் கொடு' என்று டீல். பஸ், மழை, சாலையோரக் கேபின், வைக்கோல் படுக்கை, லிஃப்ட் கேட்டு வாங்கிய கார் என்று போகிறது பயணம். சண்டை போட்டுக்கொண்டே காதலிக்கிறார்கள். கடைசியில் ஒரு தப்பர்த்தத்தில் பிரிந்து, கல்யாண மேடையிலிருந்து பெண் ஓடிவந்து சுபம்.

இந்தக் கதையை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதா? இருக்கும். நம்ம ஏவி.எம். நிறுவனம் 1956-ல் ராஜ்கபூர், நர்கீஸை வைத்து ஹிந்தியில் எடுத்த 'சோரி சோரி' இதே கதைதான். 1991-ல் ஆமிர்கானும் பூஜா பட்டும் நடித்த 'தில் ஹை கே மான்தா நஹீ' திரும்பவும் இதுதான்.

இயக்கியவர் ஃப்ராங்க் காப்ரா. சிசிலித் தீவிலிருந்து சின்னப் பையனாக அமெரிக்கா வந்து, பேப்பர் போட்டு, கெமிக்கல் எஞ்சினியரிங் படித்து, வேலை கிடைக்காமல் சினிமாவுக்கு வந்தவர். எழுதியவர் ராபர்ட் ரிஸ்கின். தயாரித்தது கொலம்பியா. அப்போது அது ஹாலிவுட்டின் ஏழைத் தெருக் கம்பெனி. சொந்தமாகப் பெரிய ஸ்டார் கிடையாது. ஹீரோ க்ளார்க் கேபிளை எம்.ஜி.எம்.மிடமிருந்து இரவல் வாங்கினார்கள். ஹீரோயின் க்ளாடெட் கோல்பெர் பாரமவுன்ட் ஆள். 'வழக்கமான சம்பளம் மாதிரி இரண்டு மடங்கு, 50,000 டாலர். நாலே வாரத்தில் என்னை விட்டுவிட வேண்டும்' என்று கண்டிஷன் போட்டுத்தான் வந்தார். அவருக்குப் படத்தின்மேல் துளிக்கூட நம்பிக்கை இல்லை. 1935 பிப்ரவரியில் ஆஸ்கர் விழா நடந்த ராத்திரி, அம்மணி ரயில் ஏறப் புறப்பட்டுவிட்டார். ஆள் அனுப்பி, பிரயாண உடுப்போடு கூட்டிவந்து பரிசைக் கொடுத்தார்கள். சிறந்த படம், இயக்குநர், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய பரிசுகளையும் ஒரே படம் அள்ளியது அதுதான் முதல் தடவை. அதற்கப்புறம் இந்த ஐந்தையும் சேர்த்து வாங்கியவை இரண்டே படங்கள். 1975-ல் வந்த 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்', 1991-ல் வந்த 'த சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்'. இரண்டிலும் காதலும் இல்லை, காமெடியும் இல்லை!

சினேகிதர் ஒருவரின் மகள் சென்னையில் சினிமா படிக்கிறாள். பழைய ரொமான்டிக் காமெடி ஒன்றை எடுத்துக்கொண்டு கட்டுரை எழுதவேண்டும் என்று காலேஜில் சொல்லியிருக்கிறார்கள். அவள் எடுத்தது இந்தப் படம். 'நீங்களும் பாருங்க அங்கிள். கதையை விட்டுடுங்க. கம்பளி எங்க தொங்குது, காமிரா எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க' என்றாள். சினிமா மாணவர்கள் இப்படித்தான். நாம் சாப்பாடு ருசியாக இருக்கிறது என்போம். அவர்கள் கரண்டியைப் பார்ப்பார்கள். ஆனால் அவள் சொன்னதில் விஷயம் இருக்கிறது, கேளுங்கள்.

பாலம் உடைந்து பஸ் நின்றுபோன மழை ராத்திரி. இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே கேபின். இரண்டு கட்டில். எல்லி முறைக்கிறாள். பீட்டர் நடுவில் ஒரு கயிறு கட்டி, அதன்மேல் கம்பளியைப் போடுகிறான். 'எரிகோ மதில்' என்று அதற்குப் பேரும் வைக்கிறான். பைபிளில் யோசுவாவின் ஆட்கள் எக்காளம் ஊத, இடிந்து விழுந்ததே, அந்த மதில். 'என்னிடம் எக்காளம் இல்லை. பயப்படாதே' என்று அர்த்தம்.

மாணவியின் பாயின்ட் இது. கம்பளிக்கு இந்தப் பக்கம் இருப்பவனுக்கு அந்தப் பக்கம் தெரியாது. ஆனால் காமிரா நமக்கு இரண்டு பக்கத்தையும் காட்டுகிறது. எல்லி உடுப்புகளைக் கழற்றிக் கம்பளிமேல் போடுகிறாள். பீட்டர் அவற்றைப் பார்த்துவிட்டு, 'அதையெல்லாம் கொஞ்சம் மதில்மேலிருந்து எடுத்துடறியா?' என்கிறான். விளக்கு அணைந்த பிறகு, ஜன்னலில் மழை வழிகிற வெளிச்சத்தில் எல்லியின் கண்கள் மட்டும் மின்னுகின்றன. அவன் தூங்கவில்லை என்பது நமக்குத் தெரியும். அவள் தூங்கவில்லை என்பதும் தெரியும். அவர்களுக்குத்தான் தெரியாது. 'காதல் படத்தில ஆடியன்ஸுக்கு என்ன வேலைன்னா அங்கிள், ரெண்டு பேருக்கும் தெரியாததைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுத் தவிக்கிறது' என்றாள். கட்டுரையில் இந்த ஒரு வரிக்கே நல்ல மார்க் போடலாம்.

கம்பளி மூன்று தடவை தொங்குகிறது. முதல் தடவை, அவளுக்குப் பாதுகாப்பு. இரண்டாம் தடவை, நியூயார்க்குக்கு முந்தின கேபினில், அவளே அதைத் தாண்டிவந்து, 'உன்னோடு வருகிறேன்' என்று அழுகிறாள். அவன் திகைத்துப்போய், 'உன் கட்டிலுக்குப் போ' என்கிறான். அப்போது அதே கம்பளி கொடுமை. மூன்றாம் தடவை, கல்யாணத்துக்கப்புறம். கேபின்காரக் கிழவனும் கிழவியும் வெளியே நின்று, 'இந்த ஜோடிக்குக் கயிறும் கம்பளியும் எதுக்கு? பொம்மை எக்காளம் எதுக்கு?' என்று பேசிக்கொள்கிறார்கள். உள்ளேயிருந்து எக்காளச் சத்தம். கம்பளி தரையில் விழுகிறது. விளக்கு அணைகிறது. படம் முடிந்தது. கடைசிக் காட்சியில் ஹீரோவும் இல்லை, ஹீரோயினும் இல்லை. இதுவரைக்கும் இரண்டு பக்கத்தையும் நமக்குக் காட்டிய காப்ரா, கடைசியில் நம்மை வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். இந்த ஒன்றே முக்கால் மணி நேரக் காதல் படத்தில் இருவரும் ஒரு முத்தம்கூடக் கொடுத்துக்கொள்வதில்லை என்பதையும் கவனியுங்கள்.

அவள் காமிராவைப் பார்த்தாள். நான் கல்லாப்பெட்டியைப் பார்த்தேன். அவரவர் படிப்பு.

இந்தப் படத்தில் எல்லோரும் எப்போதும் காசை எண்ணிக்கொண்டே இருக்கிறார்கள், பார்த்தீர்களா? எல்லி பஸ் ஏறிய கொஞ்ச நேரத்தில் அவள் பெட்டி திருடுபோகிறது. மிஞ்சியது 4 டாலர். மறுநாள் பீட்டர் அவள் பர்ஸை வாங்கி எண்ணினால் 1 டாலர் 60 சென்ட். அம்மணி அதை வைத்துக்கொண்டு சாக்லேட் டப்பா வாங்கப் பார்க்கிறாள்! பீட்டர் விற்கிற பையனைத் துரத்திவிட்டு, 'இனிமேல் உனக்குப் பட்ஜெட்தான்' என்கிறான். அந்த இடத்தில் நான் கை தட்டினேன். உலக சினிமாவில் ஹீரோ ஹீரோயினுக்குப் பட்ஜெட் போடுகிற காட்சிகள் அபூர்வம்.

அதே பஸ்ஸில் ஷேப்லி என்று ஒரு லொடலொட சேல்ஸ்மேன். எல்லியை அடையாளம் தெரிந்துகொண்டு பீட்டரிடம் பேரம் பேசுகிறான். 'பத்தாயிரத்தில் ஆளுக்குப் பாதி. எனக்கு ஐயாயிரம்.' பீட்டர் தன்னை ஒரு பயங்கர கேங்ஸ்டர் மாதிரி காட்டிக்கொண்டு அவனை ஓட ஓட விரட்டுகிறான். தியேட்டரில் சிரிப்பு. ஆனால் ஷேப்லியை வெறும் காமெடியன் என்று தள்ளாதீர்கள். எல்லியைப் பார்த்ததும் அவன் கண்ணுக்குத் தெரிவது எண். மற்றவர்கள் எந்த எண்ணைப் பார்க்கிறார்கள் என்பதுதான் இனிமேல் கதை.

இன்னொரு காட்சிதான் என்னைப் பொறுத்தவரை படத்தின் திருப்புமுனை. பஸ்ஸில் எல்லோரும் ஜாலியாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று ஒரு பையன் அழுகிறான். அவன் அம்மா மயங்கிக் கிடக்கிறாள். நேற்றிலிருந்து இரண்டு பேரும் சாப்பிடவில்லை. நியூயார்க்கில் ஏதோ வேலை கிடைக்கும் என்று, இருந்த காசையெல்லாம் டிக்கெட்டுக்குக் கொடுத்தாயிற்று. பீட்டர் பையிலிருந்து பணத்தை எடுக்கிறான். எல்லி அதை அவன் கையிலிருந்து வாங்கி, யோசிக்காமல் பையனிடம் கொடுத்துவிடுகிறாள். சாக்லேட் டப்பா கேட்ட அதே பெண். அதோடு இரண்டு பேரும் ஓட்டாண்டி. அடுத்த நாள் தோட்டத்துப் பச்சை கேரட்தான் சாப்பாடு. முதலில் மூஞ்சியைச் சுளித்தவள், பசி தாங்காமல் கடிக்கிறாள்.

அந்தக் காலத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 1933-ல் அமெரிக்காவில் வேலை செய்யக்கூடியவர்களில் சுமாராக நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. அந்த வருஷம் மார்ச்சில் நாட்டிலுள்ள பாங்குகளையெல்லாம் சில நாட்கள் இழுத்து மூட உத்தரவு போட்டார் ரூஸ்வெல்ட். பாங்கில் பணம் போட்டவர்கள் திரண்டுவந்து கேட்டால் என்ன ஆகும் என்று இதே காப்ராவும் ரிஸ்கினும் 1932-லேயே 'அமெரிக்கன் மேட்னஸ்' என்று ஒரு படம் எடுத்திருந்தார்கள். தியேட்டரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் பர்ஸில் மிச்சம் எவ்வளவு என்று தெரிந்து வைத்திருந்தவர்கள். அவர்களுக்கு முன்னால் ஒரு பணக்காரப் பெண்ணின் காதலைக் காட்டவேண்டும். அவர்கள் அதை நம்பவேண்டும். கண்ணீர் விட்டால் நம்பமாட்டார்கள். கணக்குக் காட்டினால் நம்புவார்கள்!

அதனால்தான் ஒவ்வொரு கட்டத்திலும் கணக்கு. கடைசிக் கேபினில் எல்லி அழுதுகொண்டே தூங்கிப்போகிறாள். பீட்டருக்கு அப்போதுதான் புத்தி வருகிறது. ஆனால், கையில் காசில்லாமல் எப்படிக் கல்யாணம் கேட்பது? நடுராத்திரியில் நியூயார்க்குக்குக் காரை விரட்டுகிறான். பெட்ரோலுக்குக் காசில்லை. பங்க்காரரிடம் சூட்கேஸைக் கொடுக்கிறான். அவர் தொப்பி இல்லாதவர். தொப்பியும் போகிறது. பழைய எடிட்டரைப் பிடித்து, 'எல்லி வெஸ்ட்லியை விட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொள்ளப் போகிறாள்' என்ற கதையை 1,000 டாலருக்கு விற்கிறான். மதிலை இடிக்க அவனுக்குத் தேவைப்பட்டது அந்த ஆயிரம். ஆனால் திரும்பி வருகிற வழியில், எதிரே அப்பாவின் கார் ஊர்வலத்தில் எல்லி போகிறாள். விடிந்ததும், காசில்லாதவள் என்று கேபின்காரர்கள் அவளை வெளியே தள்ள, பீட்டர் கைவிட்டுவிட்டான் என்று நினைத்து அப்பாவுக்குப் போன் செய்துவிட்டாள். பீட்டர் நேரே எடிட்டரிடம் போய் ஆயிரத்தையும் திருப்பிக் கொடுக்கிறான். நடக்காத கதைக்குக் காசு வாங்கக்கூடாது. சொந்தமாய்ச் சாப்பாட்டுக்கு வழியில்லாதவன் செய்கிற காரியம் இது!

இப்போது அந்தப் பில்லுக்கு வாருங்கள்.

டி.ஏ. பில் என்றாலே நம்ம ஆபீஸ்களில் ஒரு சிரிப்பு உண்டு. டவுன் பஸ்ஸில் போய்விட்டு ஆட்டோ என்று எழுதுவோம். ஆட்டோவில் போனால் டாக்ஸி. சாப்பிடாத சாப்பாட்டுக்கும் ஒரு தொகை. யாரும் இதைத் திருட்டு என்று நினைப்பதில்லை. பீட்டர் அப்படிச் செய்திருக்கலாம். கோடீஸ்வரர் கையில் பேனாவோடு தயாராக இருக்கிறார். நூறு என்று சொன்னால் நூறு. ஆயிரம் என்றால் ஆயிரம். அவன் சொல்வது 39.60. அந்த 60 சென்ட்டைக் கவனியுங்கள். 'நாற்பதா வெச்சுக்குங்க சார்' என்றுகூடச் சொல்லவில்லை. அன்றைய அமெரிக்கத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு ஏறக்குறைய இரண்டு வாரக் கூலி அது. சும்மா விட்டுவிடக்கூடிய தொகை இல்லை. அதற்குமேல் எடுத்துக்கொள்ளக்கூடிய தொகையும் இல்லை.

நம்ம ஊர்ப் படங்களில் இந்த இடத்தில் என்ன நடக்கும்? உங்களுக்கே மனப்பாடம். பணக்கார அப்பா மாடிப்படியில் இறங்கி வருவார். டிரஸ்ஸிங் கவுன், வாயில் பைப். 'எவ்வளவு வேணும், சொல்லு!' என்று செக்புக்கை எடுப்பார். ஹீரோ அந்த செக்கை வாங்கி, நாலாகக் கிழித்து, அவர் முகத்திலேயே விசிறிவிட்டு, ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுவார். தியேட்டரில் விசில் பறக்கும். நானும் அடித்திருக்கிறேன்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கிழிப்பது சுலபம். கிழிக்கிறவனுக்கு அடுத்த ரீலில் பாட்டு இருக்கிறது. பீட்டர் கிழிக்கவில்லை. செக்கை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான்! ஆனால் தனக்கு வரவேண்டியது எவ்வளவோ அவ்வளவுக்குத்தான் செக். செக்கைக் கிழிக்கிறவன், 'உன் பணம் எனக்குத் தூசு' என்கிறான். அது வீராப்பு. சரியான தொகைக்கு செக் வாங்குகிறவன், 'என் பணமும் பணம்தான், உன் பணமும் பணம்தான். என்னுடையதை மட்டும் கொடு' என்கிறான். இதுதான் சார் சமத்துவம். கோடீஸ்வரருக்கு முன்னால் ஏழை ஒருவன் சரிசமமாக உட்காருவதற்கு இதைவிட நல்ல நாற்காலி கிடையாது. ஆண்ட்ரூஸ் காசு பார்த்த மனுஷர். சட்டென்று புரிந்துகொண்டு, 'என் மகளைக் காதலிக்கிறாயா?' என்று கேட்டுவிடுகிறார். இவன் சுற்றி வளைத்து, அவளைத் திட்டி, உலகத்தையே திட்டி, கடைசியில் 'ஆமாம்!' என்று கத்திவிட்டுப் போகிறான். பில்லைப் பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டதை, இவன் அப்புறம்தான் வாயால் சொல்கிறான்.

இதையெல்லாம் நான் உற்சாகமாகச் சொல்லி முடித்தபோது மாணவி ஒரு கேள்வி கேட்டாள். 'பில் சரி அங்கிள். அதுல எல்லியோட பங்கு எங்க?'

நியாயமான கேள்வி. லிஃப்ட் கேட்கிற காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். பீட்டர் கட்டைவிரலைக் காட்டுவதில் மூன்று விதம் இருக்கிறது என்று பிரமாதமாக லெக்சர் அடிக்கிறான். ஒரு காரும் நிற்கவில்லை. எல்லி எழுந்துபோய்ப் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டுகிறாள். கிரீச்! கார் நின்றுவிடுகிறது. (முதலில் கோல்பெர் இதற்கு மறுத்தார் என்றும், டூப்பாக வேறொரு பெண்ணின் காலைக் கொண்டுவந்ததைப் பார்த்து, 'அது என் கால் இல்லை' என்று தானே நடித்தார் என்றும் காப்ரா தன் சுயசரிதையில் சொல்கிறார்.) அந்த வருமானம் பில்லில் இல்லை. பசித்த பையனுக்கு அவள் கொடுத்த பணமும் தனித் தலைப்பில் இல்லை. பில் முழுக்க அவன் கோட்டு, அவன் தொப்பி, அவன் சட்டை.

இன்னும் இருக்கிறது. படத்தின் ஆரம்பத்தில், சாப்பிட மறுக்கிற எல்லியை அப்பா கன்னத்தில் அறைகிறார். ஆற்றைக் கடக்கும்போது பீட்டர் அவளைத் தோளில் மூட்டை மாதிரி தூக்கிப்போட்டுக்கொண்டு பின்னால் ஒன்று வைக்கிறான். 'உங்க பொண்ணுக்கு வேணுமோ வேண்டாமோ, தினம் ஒரு அடி போடறவன்தான் லாயக்கு' என்று அப்பாவிடமே சொல்கிறான். அப்பா அதை ரசிக்கிறார். 1934-ல் தியேட்டரில் சிரித்திருப்பார்கள். இன்று அந்த இடங்களில் சிரிப்பு வரவில்லை. வரக்கூடாது. பழைய படம் என்பதற்காக அறைக்குச் சலுகை விலை கிடையாது. காப்ராவும் ரிஸ்கினும் காசு விஷயத்தில் காட்டிய நுட்பத்தை இங்கே காட்டவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து உட்கார்ந்து ஒரு பெண்ணின் கணக்கை முடிக்கிற இடம் என்று அந்தப் பில் காட்சியை ஒரு சினிமா மாணவி படித்தால், அதை மறுக்க என்னிடம் வவுச்சர் இல்லை.

அவள் சொல்லாமல் விட்ட இன்னொரு குறையை நான் சேர்க்கிறேன். கதையில் கடைசியாக ஒரு பெரிய செலவு வருகிறது. எல்லி மேடையிலிருந்து ஓடிவிட்டாள். ஆனால் சட்டப்படி அவள் இன்னும் வெஸ்ட்லியின் மனைவி. அந்தக் கல்யாணத்தை ரத்து செய்ய வெஸ்ட்லி சம்மதிக்கவேண்டும். அப்பா அவனுக்கு 1,00,000 டாலர் கொடுத்து வாயை அடைக்கிறார். வகுத்துப் பாருங்கள். பீட்டரைப்போல 2,525 பேருக்கு பில் செட்டில் பண்ணலாம்! ஆக, ஏழையின் நாணயத்தில் ஜெயித்த காதலுக்கும் கடைசித் தடையை நீக்கியது பணக்காரரின் கஜானாதான். பஸ்ஸில் மயங்கி விழுந்த அந்த அம்மாவுக்கு அப்படி ஒரு அப்பா கிடையாது. அவள் நியூயார்க் போய்ச் சேர்ந்தாளா, வேலை கிடைத்ததா என்று படம் சொல்லவில்லை. அந்தக் கணக்கு மட்டும் இன்னும் முடிக்கப்படாமலே இருக்கிறது.

இவ்வளவு குறை சொல்லிவிட்டு ஏன் பார்க்கச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

காதலுக்கு எல்லையே இல்லை, கணக்கே இல்லை என்றுதான் எல்லாப் படங்களும் நமக்குச் சொல்கின்றன. உயிரைக் கொடுப்பேன், உலகத்தைக் கொடுப்பேன், நிலாவைக் கொண்டுவருவேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கல்யாணமாகிப் பத்து வருஷமான யாரையாவது கேட்டுப் பாருங்கள். நிலா கேட்டு யாரும் சண்டை போடுவதில்லை. கரன்ட் பில்லில்தான் சண்டை வருகிறது. யார் எவ்வளவு போட்டோம், யார் எதை விட்டுக்கொடுத்தோம், யார் அதைக் குறித்து வைத்துக்கொண்டோம் என்பதில்தான் வருகிறது. அந்த வீட்டுக் கணக்கை ஒளித்துவைக்காமல், அதையே காதல் வசனமாக மாற்றிய படம் இது. எல்லியின் பங்கு பில்லில் விட்டுப்போயிற்று என்று 2000-க்கு அப்புறம் பிறந்த ஒரு பெண் கேட்கமுடிகிறது என்றால், அதற்குக் காரணமும் படம் கணக்கைத் திறந்து வைத்திருப்பதுதான். நிலாவைக் கொண்டுவருகிறேன் என்கிறவனிடம் யார் போய் ஆடிட் பண்ணமுடியும்?

அதனால், படம் பார்க்கும்போது ஒரு இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கல்யாண ஊர்வலம். வெள்ளை உடுப்பு, நீண்ட முக்காடு. எல்லி அப்பாவின் கையைப் பிடித்து நடந்து வருகிறாள். பீட்டர் பத்தாயிரம் டாலருக்காகத்தான் வந்தான் என்று நினைத்து, மனசு வெறுத்துப்போய் வருகிறாள். அப்பா சிரித்த முகத்தை மாற்றாமல், உதடு அதிகம் அசையாமல், அவள் காதில் ஒரு ரகசியம் சொல்கிறார். அவன் உன்னைக் காதலிக்கிறான் என்பது அதில் அப்புறம்தான் வருகிறது. பின் கேட்டில் கார் நிற்கிறது என்பது அதற்கும் அப்புறம்.

முதலில் அவர் சொல்வது, அவன் பரிசுப் பணத்தைத் தொடவில்லை, கேட்டது 39 டாலர் 60 சென்ட் மட்டும்தான் என்பது. அதைக் கேட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் ஓடுகிறாள்.